வெளிநாட்டு இல்லங்களுக்குத் தொண்டர்களை அனுப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாடுகளில் உள்ள பிள்ளைகள் இல்லங்களுக்கு (காப்பகங்களுக்கு) ஓராண்டுத் தொண்டர்களை அனுப்பும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இதை எழுதுபவர்கள் இல்லங்களில் வேலை பார்ப்பவர்களும், புதிதாக வரும் தொண்டர்களைப் பயிற்றுவிப்பவர்களும். உங்கள் நல்ல மனத்தில் எங்களுக்கு ஐயம் இல்லை. ஐயமெல்லாம் உங்கள் காலண்டரைப் பற்றித்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரி தொடங்கும்வரை உள்ள இடைவெளியை வைத்து நீங்கள் ஆண்டைக் கணக்கிடுகிறீர்கள். அதனால் எல்லாத் தொண்டர்களும் ஒரே வாரத்தில் வந்து இறங்குகிறார்கள், பன்னிரண்டு மாதம் கழித்து ஒரே வாரத்தில் பெட்டி கட்டுகிறார்கள். இல்லத்தில் நான்கு தொண்டர்கள் இருந்தால், பிள்ளைகள் ஒரே வாரத்தில் நான்கு பேரை இழக்கிறார்கள். ஆறு வயதில் வந்து பன்னிரண்டு வயது வரை அங்கே வளரும் ஒரு பிள்ளைக்கு இது ஆறு தடவை, 24 பேர். ஏழாவது ஆண்டு வரும் தொண்டர் "இந்தப் பிள்ளை முகம் கொடுத்தே பேசுவதில்லை" என்று அறிக்கை எழுதுவார். அந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட பாடம் அது.

நாங்கள் கேட்பது இதுதான்: தொண்டர் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குப் பக்கத்தில் நிற்கட்டும். ஆள் தேர்வு, புறப்படும் நாள், வேலைப் பங்கீடு, விடைபெறுதல் எல்லாவற்றையும் இதை வைத்தே அமையுங்கள்.

ஏன் என்றால், சிறு பிள்ளைக்கு வேண்டியது நிறைய அன்பான மனிதர்கள் அல்ல. மாறாத சில மனிதர்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. காப்பகங்களில் இருந்த 136 பிள்ளைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மறுபாதியோடு ஒப்பிட்டார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், பராமரிப்பவரிடம் பற்றுக்கொள்வதிலும் வளர்ச்சியிலும் முன்னேறினார்கள். 2009-இல் ஐ.நா. பொதுச்சபை வரவேற்ற, பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளும், மூன்று வயதுக்குட்பட்டவர்களைக் குடும்பச் சூழலில்தான் வைக்க வேண்டும் என்கின்றன. அதே பொதுச்சபை 2019 டிசம்பர் தீர்மானத்தில், காப்பகங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களால், சுற்றுலாவோடு வருபவை உட்பட, பிள்ளைகளுக்கு விளையும் தீங்குகளைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆகவே கைக்குழந்தைகள் பிரிவுக்குத் தொண்டர் வேண்டும் என்று ஓர் இல்லம் கேட்டால், மறுத்துவிடுங்கள். உங்களிடம் அதற்கு ஆள் இருக்கிறார் என்பது காரணம் ஆகாது.

அனுப்பும் முன் இல்லத்தையே விசாரிக்க வேண்டும். உலகில் எத்தனை பிள்ளைகள் இப்படிக் காப்பகங்களில் இருக்கிறார்கள் என்பதற்கே ஒரே கணக்கு கிடையாது. யுனிசெஃப் 2017-இல் சொன்னது குறைந்தது 27 லட்சம். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை 54 லட்சத்தை ஒட்டிச் சொல்கிறது. இரண்டுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதே, பதிவே இல்லாத இல்லங்கள் எவ்வளவு என்று காட்டும். அவர்களில் பெரும்பாலோர் அநாதைகளும் அல்லர். ஐந்து பேரில் குறைந்தது நால்வருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-இல் எழுதியது. பெரும்பாலும் வறுமைதான் அவர்களை இல்லத்துக்குக் கொண்டுவந்தது. வறுமை ஒன்றை மட்டுமே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்பதும் அதே ஐ.நா. நெறிகளில் இருக்கிறது.

இங்கேதான் பணம் உள்ளே வருகிறது. தொண்டர் வந்தால் கட்டணமும் நன்கொடையும் வரும், பிள்ளை இருந்தால் தொண்டர் வருவார் என்ற நிலை வந்துவிட்டால், பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது இல்லத்துக்கு நட்டம். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே காப்பகங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அந்த ஐந்தாண்டில் அங்கே உள்நாட்டுப் போர் நடக்கவில்லை. சுற்றுலாப் பயணிகள்தான் பெருகினார்கள்.

எனவே ஒப்பந்தம் போடுமுன் இல்லத்திடம் கேளுங்கள். எந்த அரசுத் துறையில் பதிவு, அது எந்தத் தேதி வரை செல்லும்? பிள்ளையைச் சேர்க்கும் முடிவை யார் எடுக்கிறார்: இல்லமா, வெளியிலிருக்கும் அதிகாரியா? கடந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள்? எத்தனை பேருக்குத் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட்டுள்ளது? இல்லத் தாய்மார்களில், அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களில், எத்தனை பேர் மூன்று ஆண்டுக்கு மேல் அங்கே வேலை பார்க்கிறார்கள்? பகலில் ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், இரவில் எத்தனை? கடைசிக் கேள்வி முக்கியம். பகலில் எட்டுப் பிள்ளைக்கு ஒருவர் என்று பெருமையாகச் சொல்லும் இல்லத்தில், இரவில் முப்பது பேருக்கு ஒரு காவலாளி மட்டும் இருப்பார். பிள்ளைகளுக்குத் தொல்லை நேர வாய்ப்பு கூடுவதும் அப்படிப்பட்ட நேரத்தில்தான்.

"குடும்பத்துக்குத் திரும்பியவர்கள் யாரும் இல்லை" என்ற பதில் வந்தால், அங்கே தொண்டர் வேண்டாம். "முன்கூட்டிச் சொல்லாமலே யார் வேண்டுமானாலும் வந்து பிள்ளைகளோடு விளையாடலாம்" என்றாலும் வேண்டாம். வந்தவர்களை வரவேற்கப் பிள்ளைகள் பாட்டுப் பாடி ஆடிக் காட்டும் இல்லத்தை எங்களில் பலர் அந்த ஒரு காட்சியிலேயே தள்ளிவிடுவோம். கொஞ்சம் கடுமையான அளவுகோல்தான், ஆனால் அது அரிதாகவே தவறும்.

தொண்டரிடம் நீங்கள் வாங்கும் கட்டணத்தையும் திறந்து காட்டுங்கள். தொண்டரின் உணவு, தங்குமிடம், காப்பீடு, பயிற்சி, உங்கள் அலுவலகச் செலவு, இல்லத்துக்குப் போவது என்று ஆறு வரியில் அடங்கிவிடும். இல்லத்துக்குப் போகும் தொகை தொண்டரின் தலைக் கணக்கில் இருக்கக் கூடாது. தொண்டர் வந்தாலும் வராவிட்டாலும் மாறாத ஆண்டுத் தொகையாக இருந்தால்தான், "இந்த ஆண்டு ஆள் வேண்டாம்" என்று சொல்லும் துணிவு இல்லப் பொறுப்பாளருக்கு வரும்.

இனி நாள் கணக்கு. ஏழு மாதம் முன்பே ஆளைத் தேர்ந்துவிட வேண்டும். அந்த எண் எங்கள் விருப்பம் அல்ல, ஊசியின் கணக்கு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. புறப்பட இரண்டு மாதம் இருக்கும்போது தேர்வு செய்தால் மூன்றாவது தவணை விட்டுப்போகும். தட்டம்மை ஊசி இரண்டு தவணை, இடையில் குறைந்தது நான்கு வாரம். சின்னம்மை வந்திராதவர்களுக்கு அதற்கும் இரண்டு. நாய்க்கடி ஆபத்துள்ள நாடு என்றால் ரேபிஸ் முன்தடுப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைப்படி ஏழு நாள் இடைவெளியில் இரு முறை போட்டால் போதும். முன்பே ஊசி போட்டிருந்தாலும், கடித்த இடத்தைச் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, மறுபடியும் ஊசிக்குப் போகத்தான் வேண்டும். இதைத் தொண்டர்கள் மறந்துவிடுகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று கேட்கும் நாடுகளில், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். காசநோய்ப் பரிசோதனையையும் விடாதீர்கள். ஊசி என்றாலே தொண்டரைக் காக்க என்று நினைப்பார்கள். தொண்டர் கொண்டுவரும் தட்டம்மை இரண்டு அறைகளில் நாற்பது பிள்ளைகள் தூங்கும் இல்லத்தில் என்ன செய்யும் என்பதுதான் எங்கள் கவலை.

ஆவணங்களில் நன்னடத்தைச் சான்றுதான் மிகவும் தொல்லை தருவது. சாதாரண வேலைக்கு வாங்கும் சான்று போதாது. பல நாடுகளில் பிள்ளைகளோடு வேலை பார்ப்பவர்களுக்கென்று விரிவான சான்று தனியாக உண்டு. கடந்த சில ஆண்டுகளில் தொண்டர் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அது வேண்டும். சீக்கிரம் வாங்கினால் விசா நேர்காணலுக்குள் காலாவதியாகும், தாமதித்தால் வந்து சேராது. மூன்று, நான்கு மாதம் முன்பு விண்ணப்பிப்பது நடைமுறையில் சரியாக வருகிறது. 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருந்தால், ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடு ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரை ஒன்றே போதும். இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பம் வரை போக வேண்டும். மொழிபெயர்ப்பை முத்திரைக்குப் பிறகு செய்யுங்கள். முன்பே செய்தால், மொழிபெயர்ப்பில் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

சான்று சுத்தமாக இருப்பதால் ஆள் சரி என்று ஆகிவிடாது. பிடிபடாதவரின் சான்றும் சுத்தமாகத்தான் இருக்கும். குறிப்புரை தரும் இருவரோடு தொலைபேசியில் பேசுங்கள். அவர்களில் ஒருவராவது விண்ணப்பதாரர் பிள்ளைகளோடு இருந்ததைப் பார்த்தவராக இருக்கட்டும். "இவரை உங்கள் பிள்ளையோடு தனியாக விடுவீர்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.

சுற்றுலா விசாவில் அனுப்பி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லை தாண்டிவிட்டு வரச் சொல்லும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல நாடுகளில் சம்பளம் இல்லாத தொண்டும் வேலைதான். பிடிபட்டால் தொண்டர் நாடு கடத்தப்படுவார்; இல்லத்தின் பதிவுக்கும் ஆபத்து. பிள்ளைகளுக்கோ, நேற்று இருந்தவர் இன்று காலை இல்லை.

மொழிக்கு, புறப்படுமுன் குறைந்தது நூறு மணி நேரம். இலக்கணம் பின்னால் வரட்டும். "வலிக்கிறதா, எங்கே", "பயமா", "நிறுத்து", "இப்போது வேண்டாம்", "அம்மாவிடம் கேட்போம்", "யார் செய்தது", "எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்" ஆகியவை முதல் வாரத்திலேயே நாக்கில் இருக்க வேண்டும். மொழி தெரியாத தொண்டர் தூக்குவதும் கட்டிப்பிடிப்பதுமாகப் பேசத் தொடங்கிவிடுகிறார். வேறு வழி அவருக்கு இல்லை.

வந்து இறங்கிய முதல் நான்கு வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் அங்கேதான் வேரூன்றுகின்றன. முதல் வாரம் பிள்ளைகளோடு நேரடி வேலை எதுவும் வேண்டாம். சமையலறை, துணி துவைக்கும் இடம், பண்டக அறை, அலுவலகம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு நாள். இரண்டாம், மூன்றாம் வாரம் ஓர் இல்லத் தாயின் வேலை நேரத்தில் அவரோடேயே இருக்கட்டும்: அதிகாலையில் எழுப்புவது, பள்ளிக்கு அனுப்புவது, வீட்டுப்பாடம், இரவு உணவு. செய்ய வேண்டாம், பார்க்கட்டும். நான்காம் வாரம் சிறு வேலைகளைப் பொறுப்பாகத் தரலாம். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும், கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும், இரவுப் பணியும் ஆண்டு முழுவதுமே தொண்டரின் வேலை அல்ல. தனி அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருப்பதும் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவரின் கண்ணில் பட வேண்டும். இந்த விதி பிள்ளையைக் காக்கிறது, தொண்டரையும் வீண்பழியிலிருந்து காக்கிறது.

முதல் நாளே ஒரு பிள்ளை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும், மடியில் ஏறும், "என் அக்கா" என்று உரிமை கொண்டாடும். தொண்டர் நெகிழ்ந்துபோவார், படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார். முன்பின் தெரியாதவரிடம் தயக்கமின்றி ஒட்டிக்கொள்வது, நிலையான பராமரிப்பாளர் கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் அடையாளம் என்பதை நீங்கள் பயிற்சியில் சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி நடந்துகொள்வார். தள்ளிவிடக் கூடாது. தூக்கவும் வேண்டாம். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, பெயர் கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டு இல்லத் தாய் இருக்கும் இடத்துக்கு நடக்க வேண்டும்: "வா, அம்மாவிடம் காட்டுவோம்." விழுந்து அழும் பிள்ளை, மதிப்பெண்ணைக் காட்ட வரும் பிள்ளை, சண்டையைப் புகாராகக் கொண்டுவரும் பிள்ளை எல்லாருக்கும் இதே வழிதான். ஆறுதலும் பாராட்டும் தீர்ப்பும் ஆண்டு முடிந்தும் அங்கேயே இருக்கப்போகிறவரிடமிருந்து வரட்டும்.

அப்படியானால் தொண்டருக்கு என்னதான் வேலை என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. இல்லத் தாய்க்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் துணி துவைப்பதிலும் மடிப்பதிலும் போகிறது என்றால், அதில் இரண்டைத் தொண்டர் எடுத்துக்கொண்டால் அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளைகளுக்குப் போகும். பண்டக இருப்புப் பதிவேடு, மருத்துவமனைக்குப் போகும்போது பணியாளருக்குத் துணை, பெரிய பிள்ளைகளுக்குக் குழுவாகக் கணக்குப் பாடம், மிதிவண்டிப் பழுது, தோட்டம், பணியாளர்களுக்குக் கணினிப் பயிற்சி, பிள்ளைகளின் குடும்பங்களைப் பார்க்கப் போகும் சமூகப் பணியாளருக்கு எழுத்து வேலை. படத்தில் அழகாக வராத வேலைகள்தான். மருந்து கொடுப்பது, தண்டிப்பது, மனநல ஆலோசனை ஆகிய மூன்றும் கிடையாது. படிப்பு இருந்தாலும் கிடையாது. அந்த நாட்டில் உரிமம் இல்லாதவர் அங்கே அந்தத் தொழிலைச் செய்ய முடியாது.

உடல்நலத்தில் இல்லங்களை அதிகம் அலைக்கழிப்பது பெரிய நோய்கள் அல்ல, பேனும் சொறியும்தான். சொறிக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டால் பத்து நாளில் திரும்ப வரும், ஏனென்றால் முதல்முறை தொற்றியவர்களுக்கு அரிப்பு தொடங்கவே சில வாரம் ஆகும்; அதற்குள் அறை முழுதும் பரவியிருக்கும். அறையிலுள்ள எல்லாரும், தொண்டரும் சேர்த்து, ஒரே இரவில் ஐந்து விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் கால் வரை பூசி, எட்டு மணி நேரமாவது விட்டுக் குளிக்க வேண்டும். ஏழு நாள் கழித்து மறுபடி. கைக்குழந்தைகளுக்கு எப்படிப் பூசுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைப்பது, துவைக்க முடியாததை மூன்று நாளாவது பையில் கட்டி வைப்பது எல்லாம் அதே நாளில். சிகிச்சை பலித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். அதைப் பார்த்துத் தொண்டர்கள் மருந்தைத் திரும்பத் திரும்பப் பூசித் தோலைப் புண்ணாக்குகிறார்கள்.

படங்களுக்கு விதி எளிது: முகம் இல்லை, பெயர் இல்லை, பள்ளிச் சீருடை இல்லை, இடக்குறி (லொகேஷன்) அணைக்கப்பட்ட கைபேசி. முதலில் உங்கள் விளம்பரத் தாள்களிலிருந்து தொடங்குங்கள். பரிசுகளும் இல்லம் முழுமைக்கும் பொதுவாக, பணியாளர் கையால் போகட்டும்.

ஒரு பிள்ளை, தன்னை யாரோ தொடுகிறார் என்றோ அடிக்கிறார் என்றோ தொண்டரிடம் சொல்லக்கூடும். வெளியாள் என்பதாலேயே அவரைத் தேர்ந்தெடுக்கும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவிக் கேட்கக் கூடாது. பிறகு நடக்கும் விசாரணையில் சொல்லிக்கொடுத்த சாட்சியாக அது ஆகிவிடும். கேட்டுவிட்டு, சொன்னது நல்லது என்று சொல்லி, பிள்ளையின் சொற்களிலேயே, தேதி, நேரத்தோடு எழுதி, அன்றைக்கே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் இல்லத் தலைவரே என்றால்? உங்கள் கையேடுகளில் பலவற்றில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. இல்லத்துக்கு வெளியே ஒருவர், உங்கள் அலுவலகத்தில் எந்நேரமும் எடுக்கும் ஓர் எண், அந்த நாட்டின் பிள்ளைகள் உதவி எண் என்ற மூன்றும் தொண்டரின் பையில் தாளில் இருக்க வேண்டும். கைபேசி தொலைந்துபோகும்.

தொண்டரை இல்லத்துக்குள்ளேயே தங்க வைக்காதீர்கள். நடக்கும் தூரத்தில் ஒரு வீட்டில் அறை, வாரத்துக்கு இரண்டு நாள் விடுப்பு, வாரம் ஒரு மணி நேரம் மேற்பார்வைப் பேச்சு. பேசுபவர் இல்லத் தலைவராக இருக்கக் கூடாது. மூன்றாம் மாதத்தை ஒட்டிப் பலர் சோர்ந்துபோகிறார்கள்: புதுமை தீர்ந்துவிடும், மொழி இன்னும் வந்திருக்காது, வயிறு கெட்டிருக்கும். திரும்பிப் போகிறவர்களில் கணிசமானோர் அப்போதுதான் போகிறார்கள். மருத்துவக் காப்பீட்டில் தொண்டரைத் தாயகம் கொண்டுவரும் செலவும், அவரால் பிறருக்கு விளையும் சேதத்துக்கான பொறுப்பும் அடங்கியிருக்கிறதா என்று அப்போது தேடாமல் முன்பே பாருங்கள்.

விடைபெறுதலை ஆண்டின் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் நாட்காட்டி மாட்டி, வந்த மாதத்தையும் போகும் மாதத்தையும் குறியுங்கள். ஆறு வாரம் இருக்கும்போது மறுபடி பேசி, வேலைகளை ஒவ்வொன்றாகப் பணியாளரிடம் திருப்பித் தரத் தொடங்கலாம். கடைசி நாளில் விழா வேண்டாம்; வழக்கமான இரவு உணவும், எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போவதும் போதும். பிள்ளை தூங்கும்போது நழுவிப் போவது, அழுகையைப் பார்க்க முடியாதவரின் வசதிக்காக. "அடுத்த ஆண்டு வருவேன்" என்று சொல்லவும் கூடாது. கடிதம் எழுதுவதென்றால் இல்லத்தின் வழியாக, எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

காலண்டருக்கு வருவோம். நான்கு தொண்டர்கள் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருவராக வரட்டும். எந்த நேரத்திலும் மூவர் பழகியவர்களாக இருப்பார்கள், போகிறவர் ஒருவராகவே இருப்பார். கல்லூரித் தொடக்கத்தோடு இது பொருந்தாது, பயிற்சி முகாமை நான்கு முறை நடத்த வேண்டியிருக்கும், செலவு கூடும் என்பீர்கள். மூன்றுமே உண்மை. அந்தச் செலவைத் தொண்டரிடம் வாங்கும் கட்டணத்தில் காட்டுங்கள்; இன்றுவரை அதைப் பிள்ளைகள் கட்டிவருகிறார்கள்.

அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பம் கோருமுன், நீங்கள் ஆள் அனுப்பும் ஒவ்வோர் இல்லத்தைப் பற்றியும் மூன்று எண்களை வெளியிடும்படி கேட்கிறோம்: கடந்த ஆண்டு குடும்பத்துக்குத் திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேர், இரவுப் பணியில் ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், ஒரே மாதத்தில் சேர்ந்து வந்து சேர்ந்தே போகும் தொண்டர்கள் எத்தனை பேர். மூன்றும் தெரிந்த இல்லங்களுக்கு மட்டும் ஆள் எடுங்கள்.

இப்படிக்கு,
இல்லப் பணியாளர்களும் பயிற்றுநர்களும்